சோற்றுக்குப் பிறகு பதிவான பாட்டு

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எங்கள் ஒலிப்பதிவாளர் ரெட்டோ இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் நான் தொப்பியும் போட்டுக்கொண்டு மைக்கின் முன்னால் நின்றேன். எனக்குப் பின்னால், டிரம்ஸ் வாசிக்க வேண்டிய ஹான்சுவேலி, குச்சிகளை மடியில் வைத்தபடி நல்ல நித்திரை. ரூடி மட்டும் கண்ணைத் திறந்து வைத்திருந்தார். ஆனால் தன் முன்னால் இருந்த ஸ்டீல் கிட்டாரை, இதை யார் இங்கே கொண்டுவந்து வைத்தது என்று யோசிக்கிறவர் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அறை முழுக்க ஆட்டிறைச்சிக் கறி மணந்தது. சுவிஸில் ஊஸ்டருக்கு மேலே மலைப்பக்கம் ஒரு சின்ன ஊரில் இருந்த அந்தக் கட்டடத்தில் ஒரு காலத்தில் சீஸ் செய்தார்களாம். ஸ்டூடியோ ஆக்கின பிறகும் மழை ஈரம் பட்டால் சுவரிலிருந்து பழைய சீஸ் வாசம் கிளம்பும். கறியும் சீஸும் கலந்த அந்த மணத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும்.

ஒரு பாடகியின் முதல் ஆல்பம் என்றால் வாசகர்கள் வேறு மாதிரி எதிர்பார்ப்பீர்கள் என்று தெரியும். தொண்டை கட்டியது, தேன் குடித்தேன், தெய்வம் வந்து காப்பாற்றியது என்று எழுதலாம். எங்களுக்கு நடந்தது சோறு. அதைத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

மாடு மேய்க்கிற பாட்டு

இந்தத் தொடரை இந்த வாரம்தான் திறந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் யாழ்ப்பாணத்துக்காரி. ஊஸ்டரில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. பாடுவது அமெரிக்கர்களின் கன்ட்ரி இசை, அதுவும் சுவிஸ் ஜெர்மனில். இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னால் எங்கள் ஆட்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு முகத்தைப் பார்த்துவிட்டு, உண்மையாகவோ என்று கேட்பார்கள்.

ஓஸ்டர்முண்டிகனில் இருக்கும் என் மச்சாள் சிரிக்கவில்லை. "அதென்ன, மாடு மேய்க்கிற பாட்டோ?" என்று போனில் கேட்டாள். ஓம் என்றேன். இந்த வயதில் தொப்பி எதற்கு என்று அடுத்துக் கேட்டாள். தொப்பி இல்லாமல் பாடினால் எவரும் கன்ட்ரி என்று நம்பமாட்டார்கள் என்று விளக்கினேன். ஆல்பம் வந்தால் கட்டாயம் வாங்குவாளாம், ஆனால் தன் மகளின் கலியாண மண்டபத்தில் மட்டும் நான் பாடிவிடக் கூடாதாம். மகளுக்கு இன்னும் மாப்பிள்ளையே பார்க்கவில்லை. மச்சாளுக்கு என்னில் பிரியம்தான், பயம் அதைவிடக் கூட.

இது எப்படித் தொடங்கியது என்றால், குளியலறையில். எங்கள் இல்லத்தில் ஒரு பழைய லொறிச் சாரதி இருந்தார். குளிக்க வா என்றால் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொள்வார். அவரிடம் ஒரு கேசட் பெட்டி இருந்தது. அதில் குதிரை, நெடுஞ்சாலை, விட்டுப்போன காதலி என்று யாராவது அழுதுகொண்டே பாடினால்தான் சட்டைப் பொத்தானைக் கழற்றுவார். ஒருநாள் நாடா சிக்கி அறுந்துவிட்டது. தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் நான் பாடினேன்.

கேட்டுக் கேட்டு மெட்டு எனக்கு மனப்பாடம். சொல் தெரியாத இடங்களில், சின்ன வயதில் மாதா கோயில் பாடற்குழுவில் பழகிய பெரிய வெள்ளிக்கிழமை இழுவையைப் போட்டு நிரப்பினேன். மனுசன் சவர்க்கார நுரையோடு அழுதார். பிறகு, தலைக்கும் ஊற்று என்றார். அந்த மாடியில் அவர் தலை நனைத்தது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு யார் குளிக்க மறுத்தாலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

ரூடி அந்தச் சாரதியின் தம்பி. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அண்ணனைப் பார்க்க வந்த இடத்தில் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறார். அவர் போய் ஹான்சுவேலியைக் கூட்டிவந்தார். ஹான்சுவேலிக்கு மாட்டுப்பண்ணை. டிரம்ஸ் அவருக்கு இரண்டாவது தொழில், மாடுகளுக்குப் பிறகுதான் எல்லாம். தீயணைப்புக்காரர் விழா, லொறிக்காரர் சந்திப்பு, ஊர்ச்சந்தை என்று கூப்பிட்ட இடமெல்லாம் நாங்கள் மூன்று பேரும் போய்ப் பாடினோம். கடைசியில் ரெட்டோ தன் ஸ்டூடியோவை மூன்று நாளைக்கு எங்களுக்கு ஒதுக்கித் தந்தார். நாலாம் நாள் அங்கே ஒரு பித்தளை வாத்தியக் குழு வந்துவிடும். எங்களுக்கு இருந்தது அந்த மூன்று நாள்தான்.

காரைப் பார்க்கப் போகிறவர்

இனி இவர். இவர் என்றால் என் கணவர் அருள். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை, எழுதவும் கை வருகுதில்லை. சூக் நகரத்தில் ஒரு கம்பனியின் கன்டீனில் சமையல் வேலை. பகலெல்லாம் அங்கே மக்ரோனியும் உருளைக்கிழங்கும் அவித்துவிட்டு, பின்னேரம் வீட்டுக்கு வந்துதான் உண்மையான சமையலைத் தொடங்குவார்.

எந்த விழாவென்றாலும் என்னைக் கொண்டுபோய் விடுவது இவர். ஒலிபெருக்கி தூக்குவது, வயர் சுருட்டுவது, டிரம்ஸுக்குக் கீழே கம்பளம் விரிப்பது எல்லாம் இவர். ஆனால் நான் வாயைத் திறந்ததும் ஆளைக் காணக் கிடைக்காது. கார் சரியான இடத்தில் நிற்கிறதா என்று பார்க்கப் போய்விடுவார். அது எப்போதும் சரியான இடத்தில்தான் நிற்கும். கைதட்டல் கேட்டதும் வந்து பெட்டியைத் தூக்குவார். இத்தனை வருசத்தில் என்னுடைய ஒரு பாட்டைக்கூட இவர் முதலிலிருந்து கடைசி வரை கேட்டதில்லை.

மற்றப் பாட்டுகள் போகட்டும். ஆல்பத்தில் ஒரு பாட்டு இவரைப் பற்றியது.

நாங்கள் வந்த புதிதில் நான் அலுவலகங்கள் துப்புரவாக்கப் போவேன். வேலை முடிந்து ரயிலால் இறங்கினால் ஊஸ்டர் ஸ்டேஷனில் இவர் குடையோடு நிற்பார். வானம் வெளித்திருந்தாலும் குடை இருக்கும். "வாரும், மழை வருது" என்பார். அறைக்குப் போகும்வரை வேறு பேச்சு இல்லை. அந்த நேரம் எங்களுக்கு விசா இல்லை, அடுத்த மாதம் எங்கே இருப்போம் என்று தெரியாது, ஊரிலிருந்து நல்ல செய்தி ஒன்றும் வராது. இந்த ஒரு வசனத்தைக் கேட்டால்தான் எனக்கு நெஞ்சு ஆறும். அதைத்தான் பாட்டாக எழுதினேன். நாங்கள் செய்ததில் ஆக மெதுவான பாட்டும் அதுதான்.

அந்தப் பாட்டை இவர் ஒரு தடவை இருந்து கேட்க வேண்டும். ஊரார் கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டும். எனக்கு அந்த ஆல்பத்தால் ஆக வேண்டியிருந்தது அவ்வளவுதான். வாயால் சொல்லலாமே என்பீர்கள். கலியாணம் கட்டி இவ்வளவு காலத்துக்குப் பிறகு, உங்களைப் பற்றி ஒரு பாட்டு எழுதியிருக்கிறேன், இருந்து கேளுங்கள் என்று ஒரு மனுசனிடம் எப்படிச் சொல்வது? எனக்கு வெட்கம். தீயணைப்புக்காரர் நூறு பேருக்கு முன்னால் நின்று பாடுவதில் ஒரு வெட்கமும் இல்லை, அது வேறு.

ஸ்டூடியோவில் என்ன செய்வார், ஒரு மூலையில் இருந்து கேட்கத்தானே வேண்டும் என்று நினைத்தேன். இவரோ கன்டீனில் மூன்று நாள் லீவு எடுத்துக்கொண்டு, விடிய எழும்பிச் சமைக்கத் தொடங்கிவிட்டார்.

இரண்டு பழக்கம்

சுவிஸ்காரர்கள் வேலைக்கு வந்தால் ஆளாளுக்கு ஒரு பெட்டி கொண்டுவருவார்கள். அதற்குள் பாணும் சீஸும் ஒரு அப்பிள் துண்டும் இருக்கும். நேரம் வந்ததும் அவரவர் மூலையில் உட்கார்ந்து, அவரவர் பெட்டியைத் திறந்து, அவரவர் சாப்பிட்டு மூடுவார்கள். யாரும் யாரையும் ஒரு வாய் சாப்பிடச் சொல்லமாட்டார்கள். விழாக்களில் இதைப் பார்க்கும்போதெல்லாம் இவருக்கு மனம் கேட்காது. "பாவங்கள், தனியத் தனியச் சாப்பிடுதுகள்" என்பார்.

முதல் நாள் பத்து மணிக்கு மட்டன் றோல்ஸ் வந்தது. மத்தியானம் சோறு, ஆட்டிறைச்சிக் கறி, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பொரித்த மிளகாய், சொதி. முற்றத்தில் மேசை போட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த பீங்கான் தட்டுகளைப் பரப்பி, கரண்டியோடு இவர் நின்றார்.

இப்போது நடந்ததைக் கவனமாக எழுதுகிறேன், ஏனென்றால் இதில் ஒருவரிலும் பிழையில்லை. எங்கள் வீடுகளில் தட்டு வெறுமையாக இருந்தால் இன்னும் பசி என்று அர்த்தம். கேட்காமலே போட வேண்டும். விருந்தாளி போதும் என்று முதல் தடவை சொல்வது மரியாதைக்கு, அதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஹான்சுவேலியின் வீட்டிலோ, தட்டில் விழுந்ததை மிச்சம் விடாமல் முடிக்க வேண்டும். மிச்சம் விட்டால் சமைத்தவரை அவமதித்த மாதிரி. ஆகவே அவர் முடித்தார். இவர் போட்டார். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு அதையும் முடித்தார். ஆளுக்குப் பிடித்துவிட்டது என்று இவருக்குச் சந்தோசம், மறுபடியும் போட்டார்.

நான் உள்ளே குரலைப் பழக்கிக்கொண்டிருந்ததால் இதைக் காணவில்லை. வந்து பார்த்தபோது ஹான்சுவேலி வேர்த்து வழிந்துகொண்டிருந்தார். ரூடி பெல்ட்டைத் தளர்த்தியிருந்தார். ரெட்டோவின் தட்டில் மூன்றாவது தரம் சோறு இருந்தது, அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்த பார்வை பரிதாபமாக இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் தொடக்கத்தில் நான் சொன்னது. ஹான்சுவேலி நித்திரையால் எழும்பியபோது நாலு மணி. நாலரைக்கு மாடு கறக்கப் போக வேண்டும். போய்விட்டார். ரெட்டோ என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, மிகவும் மரியாதையாக, ஒன்றில் சாப்பாடு அல்லது ஆல்பம், இரண்டில் எது வேண்டும் என்று யோசித்துச் சொல்லச் சொன்னார்.

பருப்பைக் குறைக்கிறன்

திரும்பி வரும்போது காரில் இவரிடம் சொன்னேன். நாளைக்குச் சாப்பாடு வேண்டாம்.

"ஏன், உறைச்சுப்போட்டுதோ?"

உறைப்பு இல்லை, சாப்பிட்டுவிட்டு எல்லாரும் நித்திரையாகிறார்கள் என்றேன். இவர் யோசித்தார். ஒரு வளைவு போன பிறகு, "அப்ப பருப்பைக் குறைக்கிறன்" என்றார். ஒன்றுமே வேண்டாம் என்று கொஞ்சம் உரத்துத்தான் சொல்லிவிட்டேன்.

இரண்டாம் நாள் என்னை இறக்கிவிட்டு இவர் காருக்குள்ளேயே இருந்துவிட்டார். உள்ளே ஆளாளுக்குப் பெட்டியைத் திறந்து பாண் சாப்பிட்டோம். எனக்கும் ஒரு பெட்டி. வேகமான பாட்டுகளெல்லாம் கடகடவென்று முடிந்தன. ரெட்டோ விசிலடித்துக்கொண்டு வேலை செய்தார். பிறகு என் பாட்டுக்கு வந்தோம்.

அது ஒரு வேகத்தில் நிற்கவேயில்லை. ஸ்டேஷனில் ஒருவர் குடையோடு காத்து நிற்கிற பாட்டு, ரயிலைப் பிடிக்க ஓடுகிறவரின் பாட்டு மாதிரிப் போனது. மெதுவாக, மெதுவாக என்று ரெட்டோ கையால் காட்டினார். காதுக்குள் டிக் டிக் என்று தாளம் விழுகிற கருவியைப் போட்டார். ஹான்சுவேலி அதைக் கழற்றி எறிந்துவிட்டு, தன் மாடுகளுக்கே மணிக்கூடு கட்டுவதில்லை, தனக்கெதற்கு என்றார். ரூடி ஏதோ சொன்னார். இவர்கள் இரண்டு பேரும் சண்டை பிடித்து நான் கண்டதே இல்லை, அன்று கண்டேன். ஹான்சுவேலி நேரத்தோடு மாட்டிடம் போய்விட்டார்.

நான் காருக்குப் போனேன். இவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், உள்பக்கம்.

"உள்ளுக்கு வந்து இருங்கோவன். கதிரை கிடக்கு" என்றேன்.

"அங்க இருந்து நான் என்ன செய்யிறது?"

"கேக்கலாம்."

இவர் துணியை மடித்தார். பிறகு விரித்தார். "நீர் பாட வெளிக்கிட்டா எனக்கு நெஞ்சு இடிக்குது. எங்கயும் பிழைச்சுப்போடுமோ, சனம் சிரிச்சுப்போடுமோ எண்டு. ஒரு இடத்தில இருக்க ஏலாது. கையில ஒரு வேலை இருந்தாத்தான் நிப்பன். நேற்று வேலை இருந்தது."

இவருக்கு என் பாட்டுப் பிடிக்காது, எனக்காகப் பொறுத்துக்கொள்கிறார் என்றுதான் நான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் செய்வது என்று தெரியாமல், நாளைக்கு வீட்டில் இருந்து ஆறுதல் எடுங்கோ, நான் ரூடியோடு போறன் என்று சொல்லிவிட்டேன். இவர் தலையாட்டினார்.

கடைசி நாள்

மூன்றாம் நாள் காலை முழுவதும் அந்த ஒரு பாட்டோடு மல்லுக்கட்டினோம். மெதுவாக வாசித்தால் செத்துக் கிடந்தது. உயிரோடு வாசித்தால் ஓடியது. நாளைக்குப் பித்தளை வாத்தியக்காரர்கள் வந்துவிடுவார்கள். இந்தப் பாட்டை விட்டுவிட்டு ஆல்பத்தை முடிக்கலாமா என்று ரெட்டோ தயங்கித் தயங்கிக் கேட்டார். மற்றது எதை விட்டாலும் இதை விடமாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டார். அவருக்கும் சொல்லவில்லை.

ஹான்சுவேலிதான் குச்சிகளைக் கீழே வைத்தார். முதல் நாள் மத்தியானம் சாப்பிட்ட பிறகு, நித்திரை வருவதற்குச் சற்று முன்னால், தனக்கு ஒரு நிலை வந்தது என்றார். கை கால் எல்லாம் கனத்து, உலகத்தில் ஒருவரோடும் பகை இல்லை என்ற மாதிரி ஒரு நிலை. இந்தப் பாட்டின் வேகம் அதுதான். பாணைச் சாப்பிட்டுவிட்டு இதை வாசிக்க முடியாது. இப்படிச் சொல்லிவிட்டு அவர் ரெட்டோவைப் பார்த்தார். ரெட்டோ மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு என்னிடம், உன் கணவரைக் கூப்பிடு என்றார்.

இவர் போனை முதல் மணியிலேயே எடுத்தார். சாப்பாடு ஏதாவது செய்ய ஏலுமோ என்று கேட்டேன். "பத்து நிமிசம்" என்றார். ஊஸ்டரிலிருந்து அங்கே வர அரை மணித்தியாலம் வேண்டும். நான் யோசித்து முடிப்பதற்குள் கார் வந்து நின்றது. பின் இருக்கையில் சட்டிகள், குளிருக்குப் போர்க்கிற கம்பளியால் சுற்றி, சீட் பெல்ட் போட்டு. கீழே வளைவிலேயே காலையிலிருந்து நின்றிருக்கிறார்.

"ஆறுதல் எடுக்கச் சொன்னனீர். எடுக்கத் தெரியேல்லை. சமைச்சுப்போட்டன். சமைச்சதை வச்சுக்கொண்டு என்ன செய்யிறது, அதுதான் இஞ்சால வந்தனான்" என்றார்.

வெளியே மழை, ஆகவே உள்ளேயே மைக்குகளுக்கு நடுவில் இருந்து சாப்பிட்டோம். இந்தத் தடவை நான் இரண்டு பக்கத்துக்கும் பாடம் நடத்தினேன். போதும் என்றால் தட்டில் கொஞ்சம் மிச்சம் விடுங்கள் என்று அவர்களுக்குச் சொன்னேன். மிச்சம் இருந்தால் போடக் கூடாது என்று இவருக்குச் சொன்னேன். ஹான்சுவேலி ஒரு பிடி சோற்றை மிச்சம் விட்டுவிட்டு, அதையே வேதனையோடு பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நிமிசம் தாங்கினார். பிறகு அதையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். இவர் கரண்டியைத் தூக்க, நான் கையைப் பிடித்தேன்.

"இப்ப" என்றார் ஹான்சுவேலி. கண் பாதி மூடியிருந்தது. "இப்பவே."

ரெட்டோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓடினார். ரூடி சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் ஹெட்போனை மாட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அது எரிந்தால் ஒருவரும் அசையக் கூடாது. கதவைத் திறக்கவும் கூடாது, அது பழைய சீஸ் அறையின் கதவு, திறந்தால் கிறீச்சிடுவது ஊருக்கே கேட்கும்.

இவர் அறைக்கு நடுவில் நின்றார். இரண்டு கையிலும் சாப்பிட்ட பீங்கான்கள், நெஞ்சு வரை அடுக்கியிருந்தன. மேல் தட்டில் கறிக் கரண்டி.

ஹான்சுவேலி தொடங்கினார். அந்த வேகம் வந்துவிட்டது என்று டிரம்ஸின் முதல் அடியிலேயே தெரிந்தது. இவர் கதவைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போக இடமில்லை. கரண்டி மெல்லச் சரியத் தொடங்கியது. அது விழுந்தால் பாட்டுப் போச்சு. இவர் குனிந்து நாடியைக் கரண்டியின் பிடியில் வைத்து அழுத்திக்கொண்டார். அப்படியே நின்றார், மூச்சும் விடாமல். நான் பாடினேன்.

ஸ்டேஷன் வந்தது. குடை வந்தது. இவருக்கு சுவிஸ் ஜெர்மன் நன்றாக விளங்கும், கன்டீனில் வேறு பாசை இல்லை. வாரும், மழை வருது என்ற இடம் வந்தபோது, நாடியைக் கரண்டியிலிருந்து எடுக்காமல் கண்ணை மட்டும் நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அந்த இடத்தில் என் குரல் கொஞ்சம் தடுமாறியது. ஆல்பத்தில் கேட்டால் தெரியும், ரெட்டோ அதைத் திருத்தவில்லை. இவர் பயந்தது நடந்தது, ஒருவரும் சிரிக்கவில்லை.

ரூடியின் கடைசி ஸ்வரம் நீண்டு நீண்டு ஓய்ந்தது. ரெட்டோ கண்ணாடிக்குப் பின்னால் எழும்பி நின்று கையைத் தூக்கினார். முடிந்தது, இதுதான், இனி ஒன்றும் தேவையில்லை என்று ஒலிபெருக்கியில் சொன்னார். விளக்கு அணைந்தது. ஹான்சுவேலி மாடு கறக்கப் போவதற்காகக் கோட்டை எடுத்தார்.

இவர் அசையவில்லை. நாடியெல்லாம் கறி. இவ்வளவு காலமும் வராத சொல் அன்றைக்கும் வராது என்று நினைத்துக்கொண்டு நான் ஹெட்போனைக் கழற்றினேன்.

"இன்னொருக்காப் பாடுவீரோ?" என்றார். "இதுகளை வச்சிட்டு வாறன்."

ஹான்சுவேலிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் கோட்டைத் திரும்பத் தொங்கவிட்டுவிட்டு டிரம்ஸுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். இவர் பீங்கான்களைக் கொண்டுபோய்க் கீழே வைத்தார். கையைக் கழுவித் துடைத்தார். ஒரு கதிரையை இழுத்து எனக்கு நேரே போட்டு, இரண்டு கையையும் வெறுமனே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.